கடுமன் எதைத் தொம்பினான்?

நான்காம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் வாசிக்கும்போது எனக்குள் ஒரு சின்னக் கர்வம் எட்டிப்பார்க்கும். ரகரமும் றகரமும் மயங்காது. ழகரம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். காற்புள்ளிக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு மூச்சு. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடும் எட்டுப் பிள்ளைகளில் அவள் குரல் மட்டும் தெருவரைக்கும் கேட்கும். தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஏதோ நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல நானும் முகத்தை வைத்துக்கொள்வேன். உண்மையில் என்னிடம் வந்த முதல் நாளே அவள் அப்படித்தான் வாசித்தாள்.

போன ஆண்டு ஆடி மாதம் என்று நினைக்கிறேன். ஒரு தாளில் நானே சில வரிகள் எழுதி அவளிடம் கொடுத்தேன். "பாட்டி கிணற்றடிக்குப் போனாள். வாளியை உள்ளே விட்டாள். கயிறு முழுவதும் இறங்கியது. டங் என்று சத்தம் கேட்டது. பாட்டி பெருமூச்சு விட்டாள். வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்." கீழே ஒரே ஒரு கேள்வி: பாட்டி ஏன் அடுத்த தெருவுக்கு நடந்தாள்? அவள் கணீரென்று வாசித்தாள். பிறகு குனிந்து, குண்டு குண்டான எழுத்தில் பதில் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தாள். "பாட்டி வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்."

பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். எழுத்துக்கூட்டி ஒரு வரியைக் கடப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். கொம்பு எந்தப் பக்கம் வரும் என்பதில் இன்னும் சந்தேகம். அவன் தாளைப் பார்க்கவே இல்லை. அவள் வாசித்ததைக் காதால் கேட்டதுதான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "கிணற்றில் தண்ணீர் இல்லை டீச்சர். வாளி தரையில் இடித்துவிட்டது."

அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு படுத்த பிறகுதான் அந்த 'டங்' காதுக்குள் கேட்க ஆரம்பித்தது.

மெய்ப்புக்காரியின் கண்

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஆசிரியை அல்ல. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 19 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள். கொரோனாவில் அந்த வேலை போனது. 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். இப்போது யாரும் கேட்காமலே திண்ணையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பழக்கம் விடவில்லை.

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. வியாதி என்றும் சொல்லலாம். எழுத்தைப் பார்ப்போம், பொருளைப் பார்க்க மாட்டோம். பார்த்தால் வேலை நடக்காது. கதையில் லயித்தால் கண் முன்னே ஓடிவிடும், ஒற்று விடுபட்டது தெரியாது. ஒருவர் மூலப்படியை ராகம் இல்லாமல் வாசித்துக்கொண்டே போவார், மற்றவர் அச்சுப்படியில் விரலை ஓட்டுவார். ஒருமுறை முந்நூறு பக்க நாவல் ஒன்றை மூன்று தடவை அப்படிப் பார்த்து முடித்தேன். மூன்றாவது மெய்ப்பும் போன பிறகு பைண்டிங் பிரிவில் இருந்தவர், "கடைசியில் அந்தப் பெரியவர் செத்திருக்க வேண்டாம் இல்லையா அக்கா?" என்று கேட்டார். எந்தப் பெரியவர் என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் செத்த பக்கத்தில் இரண்டு சந்திப்பிழைகள் இருந்தது மட்டும் நினைவில் இருந்தது.

அந்த 19 ஆண்டுகளில் நான் அதிகம் பார்த்தது நாவல்களை அல்ல, பள்ளிக் கையேடுகளை. பத்தியைப் படித்து விடை எழுதுக. பத்தி, ஐந்து வினா, ஐந்து விடை. விடையில் உள்ள தொடர் பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ அதே எழுத்தில் இருக்க வேண்டும்; மாறியிருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருத்துவேன். ஆயிரக்கணக்கான விடைகளை அப்படிப் பத்தியோடு ஒட்டவைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் குண்டு எழுத்துப் பதிலைப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த முகமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

முதலில் போட்ட தப்புக் கணக்கு

எனக்குத் தோன்றிய முதல் விளக்கம் சுலபமானது. பையனின் தாத்தாவுக்குக் கரிசல் காட்டில் கிணறு இருக்கிறது. கோடையில் வாளி தரை தட்டுவதை அவன் காதால் கேட்டிருக்கிறான். பெண்ணின் வீட்டில் குழாய். ஆகவே அவனுக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியவில்லை. இந்த விளக்கத்துக்கு ஆதரவாக ஆராய்ச்சியும் இருக்கிறது. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் நடுநிலை வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததைச் சின்ன மைதான மாதிரி ஒன்றில் மர பொம்மைகளை நகர்த்தி நடித்துக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் மட்டமான, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்து பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை மிஞ்சிவிட்டார்கள். நம் ஊரில் கபடியை வைத்துச் செய்தாலும் அதுதான் நடக்கும். பாடிப் போகிறவனும் கோட்டைத் தொடுவதும் தெரியாத பிள்ளைக்குக் கபடிப் பத்தி வெறும் சத்தம்.

விளக்கம் கிடைத்துவிட்ட திருப்தியில் இரண்டு நாள் இருந்தேன். பிறகு மனசு கேட்காமல் ஒரு சோதனை செய்தேன். அவள் பாவாடையில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல அதே கதையைச் சொன்னேன். தாள் இல்லை, கேள்வி எண் இல்லை. வாளி இறங்கியது, கயிறு தீர்ந்தது, டங் என்று கேட்டது என்று சொல்லி நிறுத்தினேன். "கிணறு வற்றிப்போயிருக்கும்" என்று உடனே சொன்னாள். சொல்லிவிட்டு, "பாவம், இனி எங்கே போவார்கள்?" என்றும் கேட்டாள்.

என் கணக்கு அங்கேயே சரிந்தது. கிணறு அவளுக்குத் தெரியும். வறட்சி தெரியும். பாட்டியின் மேல் இரக்கம்கூட வருகிறது. காதால் கேட்டால் வருவது, கண்ணால் படித்தால் வரவில்லை. இத்தனைக்கும் கண்ணால் அவளைப்போல் படிக்கிறவர் எங்கள் தெருவில் இல்லை.

கடுமன் வந்த நாள்

அடுத்து நான் செய்தது விளையாட்டுக்குத்தான். பிள்ளைகளைச் சிரிக்கவைக்கலாம் என்று ஒரு பத்தி எழுதினேன்.

"கடுமன் சொப்பிய பிலுகுகளைத் தொம்பினான். பிலுகுகள் மிகவும் நொறளையாக இருந்தன. அதனால் அவன் அவற்றை மோட்டானில் கிளுவினான். மோட்டான் குழைந்ததும் கடுமனுக்குச் சவலி வந்தது."

கீழே வழக்கம்போல வினாக்கள். கடுமன் எதைத் தொம்பினான்? பிலுகுகள் எப்படி இருந்தன? கடுமன் ஏன் பிலுகுகளை மோட்டானில் கிளுவினான்? கடுமனுக்கு எப்போது சவலி வந்தது?

நீங்களும் ஒருமுறை பதில் சொல்லிப் பாருங்கள். நான்கும் வரும், முழு மதிப்பெண்ணோடு. நம் மொழியின் கட்டு அப்படி. 'எதை' என்று கேட்டால் 'ஐ' உருபு ஏற்ற சொல்லைத் தேடினால் போதும். 'ஏன்' என்றால் 'அதனால்' என்ற சொல்லுக்கு முந்தைய வாக்கியத்தை எடுத்து, 'இருந்தன' என்பதை 'இருந்ததால்' என்று மாற்றிவிடலாம். 'எப்போது' என்றால் 'குழைந்ததும்' காத்துக்கொண்டிருக்கிறது. வேற்றுமை உருபுகள் வரிசையாகக் கைகாட்டி மரங்களைப்போல் நிற்கும்போது, ஊருக்குள்ளே போகாமலே ஊரைச் சுற்றி வந்துவிடலாம்.

திண்ணையில் பெரிய கூச்சல். ஒருவன் 'தொம்பினான்' என்று சொல்லிக்கொண்டே இன்னொருவன் முதுகில் குத்தினான். பிலுகு என்றால் பல்லியா பலகாரமா என்று ஒரு சண்டை. பையன், "டீச்சர் பொய்யாக எழுதியிருக்கிறார்கள்" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு மறுபடி பென்சில் சீவப் போனான். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு கேள்விக்கும் பதில் எழுதி அடிக்கோடு போட்டுத் தாளை நீட்டினாள். நான்கும் சரி.

"உனக்குச் சிரிப்பு வரவில்லையா?" என்று கேட்டேன்.

"எதற்கு டீச்சர்?"

"பிலுகு என்றால் என்ன?"

"தெரியாது."

"தெரியாத சொல்லாக இருக்கிறதே, அதைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லையா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். பிறகு, இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல, மெதுவாகச் சொன்னாள்: "எல்லாப் பாடமும் இப்படித்தானே டீச்சர் இருக்கும்?"

அதற்கு மேல் அன்று எனக்குப் பாடம் நடத்த வரவில்லை. ஆளுக்கொரு முறுக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாங்கள் எல்லோரும் கடுமன் பத்தியை வேடிக்கையாகப் பார்த்தோம். அவளுக்கு அது அன்றாடம். புத்தகத்தைத் திறந்தால் இப்படி வரிகள் இருக்கும். சில சொற்கள் தெரியும், பல தெரியாது. அவற்றைப் பிசகாமல் உச்சரிக்க வேண்டும், பிறகு கேள்விக்கு ஒத்த வரியைத் தேடிப் பெயர்த்து வைக்க வேண்டும். இதற்குப் பெயர் படிப்பு. புரியாமல் போனால் யாரையாவது கேட்கலாம் என்றில்லை. புரிவது என்று ஒன்று அந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பதே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏழு மாதமாக அவள் ழகரத்தைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

சோற்றில் கல்

எல்லன் மார்க்மன் என்ற உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிறகுதான் தேடிப் படித்தேன். மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம், "இந்தக் கட்டுரைகள் குழந்தைகளுக்குப் புரியும்படி இருக்கின்றனவா என்று எனக்கு யோசனை சொல்லுங்கள்" என்று கேட்டு, சில கட்டுரைகளைப் படித்துக்காட்டினார். ஒன்று மீன்களைப் பற்றியது. கடலின் அடியில் வெளிச்சமே கிடையாது, கும்மிருட்டு, அங்கே மீன்களால் நிறத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று வரும். அடுத்த வரியிலேயே, அங்கே வாழும் சில மீன்கள் நிறத்தைப் பார்த்துத்தான் இரையை அடையாளம் காண்கின்றன என்று வரும். பல பிள்ளைகள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. எங்கள் திண்ணைக்கு மட்டும் வந்த நோய் இல்லையே.

அந்தக் கட்டுரையைக் களவாடித்தான் எங்கள் விளையாட்டு பிறந்தது. பெயர் 'கல்'. சோறு சாப்பிடும்போது கல் கடிபட்டால் யாரும் மென்று விழுங்குவதில்லை. முகம் சுளித்து, வாயை நிறுத்தி, எடுத்து வெளியே வைக்கிறோம். அதுபோல வாசிக்கும்போது எங்கே கடிபடுகிறதோ அங்கே நிறுத்திக் "கல்" என்று கத்த வேண்டும். நான் தினமும் ஒரு சின்னக் கதை எழுதுவேன், அதில் ஒரு கல் போட்டிருப்பேன். "அம்மா மிளகாய் வற்றலை முற்றத்தில் காயப்போட்டாள். நாள் முழுக்க மழை கொட்டியது. சாயங்காலம் மொறுமொறுவென்று காய்ந்த வற்றலை அள்ளி டப்பாவில் போட்டாள்." முதல் வாரம் பாதிப் பேர் கல்லை விழுங்கினார்கள். சிலர் பயந்துபோய் வரிக்கு வரி கத்தினார்கள். வற்றல் என்றால் கல், டப்பா என்றால் கல். அதுவும் ஒரு கட்டம்தான், கடந்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் கணீரென்று வாசித்துக்கொண்டு மழையையும் வற்றலையும் ஒரே மூச்சில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வேகத்தைக் குறை என்றால் குறைத்தாள், மெதுவாகத் தாண்டினாள்.

கிட்டத்தட்ட மூன்று வாரம். அவள் முதன்முதலாக நின்றது நான் போட்ட கல்லில் அல்ல. வாசிப்பு இயக்கத்துக்காக அரசு அச்சிட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள், யார் வைத்த பெயரோ, நன்றாக இருக்கிறது. அதில் 'ஓடு' வரிசையில் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவே 'மதில்' என்ற சொல்லில் குரல் தேய்ந்தது. வாய் அடுத்த சொல்லுக்குப் போகப் பார்த்து, போகாமல் நின்றது. காது மடல் சிவந்துவிட்டது. தப்புச் செய்துவிட்டவளைப்போல என்னைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், "கல்" என்றாள். தெருவே கேட்டுப் பழகிய குரல் அது. அன்று பக்கத்தில் இருந்தவனுக்குக்கூடக் கேட்கவில்லை. சுவர்தான், வீட்டைச் சுற்றிக் கட்டுவார்களே, என்று சொன்னேன். "அப்படியென்றால் பூனை சுவர்மேல்தான் இருக்கிறதா? நாய்க்கு அது எட்டாதா?" என்று கேட்டாள். பிறகு பக்கத்தை முதலிலிருந்து படித்தாள்.

இந்தச் சொல் கல் தனி வகை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே கடிபடும். வீட்டில் ஒரு தமிழ், புத்தகத்தில் ஒரு தமிழ். வீட்டில் தூங்குகிற பூனை புத்தகத்தில் உறங்கும், வீட்டில் குடிக்கிற பால் புத்தகத்தில் அருந்தப்படும். ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் பாதி வெளியூர். அதனால் ஒரு காரியம் செய்தேன். படித்து முடித்த கதையை வீட்டில் பாட்டியிடம் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல் என்றேன். புத்தகத்தை மூடிவிட வேண்டும், புத்தகச் சொல் ஒன்றுகூட வரக்கூடாது. முதலில் கூச்சப்பட்டார்கள். வகுப்பில் வீட்டுப் பேச்சுப் பேசினால் அடி விழும் என்று எங்கேயோ மனசில் பதிந்திருக்கிறது. கூச்சம் போன பிறகு யார் படித்தது, யார் உச்சரித்தது என்பது இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிடும். கேள்வித்தாளை விட இது எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அவனைக் கதாநாயகன் ஆக்கிவிடுகிறார்கள். எழுத்து எதற்கு, புரிந்தால் போதாதா என்கிறார்கள். போதாது. யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவனுக்கு 'டங்' கேட்கும். நான் இல்லாத இடத்தில், தெரியாத ஊர்ப் பஸ் நிலையத்தில், மருந்துச் சீட்டின் முன்னால் அவனுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்? அவனோடு தினமும் அரை மணி நேரம் கொம்பும் காலும் துணையெழுத்தும்தான். சலிப்பான வேலை, அவனுக்கும் எனக்கும். விளையாட்டாக மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை. சில வேலைகள் சலிப்பாகத்தான் இருக்கும். இப்போது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். அவள் வாசிப்பாள், அவன் கல் பிடிப்பான். அடுத்து அவன் வாசிப்பான், அவள் பொறுமை இழந்து எடுத்துக் கொடுப்பாள். சண்டையும் உண்டு.

தை மாதத்தில் அவளுடைய அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து, கையில் மருந்து வாசம் போகாமல், நேராக வந்திருந்தார். "அக்கா, இவளுக்கு இந்தத் தடவை தமிழில் குறைந்துவிட்டது" என்று விடைத்தாளை நீட்டினார். பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதியில் இரண்டு மதிப்பெண் போயிருந்தது. காகம் ஏன் பறந்து போனது என்ற கேள்விக்குப் பத்தியில் உள்ள வரியை எழுதாமல், "பாட்டி கம்பை எடுத்ததைப் பார்த்திருக்கும்" என்று எழுதியிருந்தாள். பத்தியில் பாட்டி கம்பை எடுக்கிறாள், காகம் பறக்கிறது. இரண்டையும் சேர்த்தது இவள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. அந்தச் சுழியை எனக்கு நன்றாகவே தெரியும். திருத்திய ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், கையில் விடைக்குறிப்பு. அந்த மாதிரி விடைக்குறிப்புகளுக்கு மெய்ப்புப் பார்த்தவள் வேறு நான். அந்த அம்மாவுக்குக் காகத்தையும் கம்பையும் விளக்கினேன். பாதி ஒப்புக்கொண்டார். "பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் இருப்பதை எழுதட்டும் அக்கா, உங்களிடம் வரும்போது எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும்" என்று ஒரு சமரசம் சொன்னார். நானும் தலையாட்டினேன். இன்று வரை அது சரியான தலையாட்டலா என்று தெரியவில்லை.

போன வாரம் புதிய கதை ஒன்று எழுதினேன். தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடி ஒரு சிறுவன் இரவில் கண்மாய்க் கரையில் போவது. கல்லை நான்காவது வரியில் போட்டிருந்தேன், பையன் அதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டான். ஆட்டம் முடிந்தது என்று தாளை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கடைசிப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு, இப்போது நல்ல சத்தமாகவே, "இன்னொரு கல் இருக்கிறது டீச்சர்" என்றாள்.

இல்லை என்றேன். ஒன்றுதான் போட்டேன் என்றேன்.

"முதல் வரியில் அமாவாசை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நிலா வெளிச்சத்தில் குட்டியின் கண் மின்னுகிறது."

தாளை வாங்கிப் பார்த்தேன். நானே எழுதி, மூன்று முறை படித்துப் பார்த்த தாள். ஒற்று ஒன்றுகூட விடுபடவில்லை. பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதற்குள் பென்சிலை எடுத்து நிலாவை அடித்துவிட்டு மேலே எழுத ஆரம்பித்திருந்தாள்.

"அவன் டார்ச் கொண்டு போயிருக்கட்டும் டீச்சர்."